ஒரு பாட்டில் அமரோனே, ஒன்றரை குவார்ட்டர்: ஒயின் 'படிக்கிற' நண்பர்களுக்கு ஒரு டாக்டரின் கணக்கு

1/ "டாக்டர், நான் சரக்கெல்லாம் தொடுறதில்ல. ஒயின் மட்டும்தான். அதுவும் இத்தாலியன். முறையா படிச்சிட்டு இருக்கேன்."

போன மாசம் ஒருத்தர் என் எதிர்ல உக்காந்து சொன்னது. நாற்பது வயசுகூட ஆகல. ஸ்கேன்ல ஃபேட்டி லிவர். ரத்தத்துல ஜிஜிடி நார்மலைவிட மூணு மடங்கு. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ எவ்வளவுன்னு கேட்டேன். "வாரத்துல அஞ்சு நாள், ராத்திரி அரை பாட்டில். பரோலோ, இல்லன்னா கியாண்டி கிளாசிகோ. விசேஷம்னா அமரோனே." சொல்லும்போது முகத்துல ஒரு பெருமை. குடிக்கிறதச் சொல்ற கூச்சம் துளிகூட இல்ல. என் கோபம் அவர்மேல இல்ல. அந்தப் பெருமைய அவருக்கு வித்தவங்க மேலதான்.

3/ அவர்கிட்ட வாதாடணும்னா விஷயம் தெரியணுமேன்னு நானும் உக்காந்து படிச்சேன். ஒத்துக்கிறேன், அருமையான பாடம். இத்தாலியில 20 மாநிலம், இருபதுலயும் ஒயின் தயாராகுது. நூற்றுக்கணக்கான திராட்சை ரகம். பியட்மாண்ட் மலைச்சரிவுல நெப்பியோலோ, டஸ்கனியில சாஞ்சியோவேசே, சிசிலியில எரிமலை எட்னாவோட சரிவுல நெரெல்லோ மஸ்கலேசே.

4/ சட்டமும் கறார்தான். 1963ல டிஓசி விதி வந்துச்சு. அதுக்கு மேல்படியான டிஓசிஜி 1980ல இருந்து தர ஆரம்பிச்சாங்க. பரோலோன்னு பேர் போடணும்னா முழுக்க நெப்பியோலோவா இருக்கணும், குறைந்தது 38 மாசம் பதப்படுத்தணும், அதுல 18 மாசம் மரப்பீப்பாயில. கியாண்டி கிளாசிகோன்னா குறைந்தது 80% சாஞ்சியோவேசே.

5/ இப்போ கவனிங்க. இந்த முத்திரை என்ன உத்தரவாதம் தருது? எந்த ஊர், எந்தத் திராட்சை, எத்தனை மாசம். அவ்வளவுதான். உங்க லிவருக்கு நல்லதுன்னு அதுல ஒரு வரி கிடையாது. ஆனா நம்ம ஆளுங்க அந்த முத்திரைய டாக்டர் சர்டிஃபிகேட் மாதிரி நீட்டுறாங்க.

6/ லேபிள்ல நான் முதல்ல பாக்கிறது ஒரே ஒரு நம்பர்: ஆல்கஹால் சதவீதம். பரோலோ பெரும்பாலும் 14, 14.5. அமரோனே இன்னும் மேல. வெனெட்டோவுல கோர்வினா திராட்சைய அறுவடை பண்ணி மூணு நாலு மாசம் காய வைப்பாங்க. தண்ணி வத்தும், சர்க்கரை கெட்டியாகும். அந்தச் சர்க்கரைதான் புளிச்சு ஆல்கஹாலா மாறுது. அதனால 15, 16 வரைக்கும் போகும்.

7/ கணக்கு சுலபம். மில்லி x சதவீதம் x 0.79. வர்றது கிராம்ல சுத்தமான ஆல்கஹால்.
14.5% ஒயின் அரை பாட்டில், அதாவது 375 மில்லி: சுமார் 43 கிராம்.
நம்ம ஊர் பிராந்தி 42.8%, 30 மில்லி பெக்: சுமார் 10 கிராம்.
ஆக, "சரக்கே தொடாத" அந்த நண்பர் ராத்திரிக்கு நாலு பெக்குக்கு மேல அடிக்கிறார்.

8/ 15.5% அமரோனே முழு பாட்டில்: சுமார் 92 கிராம். ஒரு குவார்ட்டர் பிராந்தி: சுமார் 61 கிராம். ஒரு பாட்டில் அமரோனே, ஒன்றரை குவார்ட்டர். இதை அவருக்குப் பேப்பர்ல போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம பாத்துட்டே இருந்தார்.

9/ உடனே வரும் அடுத்த வாதம்: "ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லதுதானே?" அதுல இருக்கிற ரெஸ்வெரட்ரால் காப்பாத்தும்னு சொல்வாங்க. ஒரு லிட்டர் ரெட் ஒயின்ல அது இருக்கிறதே சில மில்லிகிராம்தான். சரி, அதுவாவது வேலை செய்யுதா?

10/ இதைச் சோதிச்சது வேற எங்கயும் இல்ல, கியாண்டி பகுதியிலயே. அங்க 65 வயசுக்கு மேற்பட்ட 783 பேரோட சிறுநீர்ல ரெஸ்வெரட்ரால் அளவப் பாத்து, வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்சாங்க. 2014ல ஜாமா இன்டர்னல் மெடிசின்ல வெளியான முடிவு: அளவு அதிகம் இருந்தவங்களுக்கு மாரடைப்போ கேன்சரோ மரணமோ குறையல. கியாண்டி மக்களுக்கே வேலை செய்யாதது நமக்கு எப்படிங்க வேலை செய்யும்?

11/ "அளவா குடிக்கிறவங்க நல்லா இருக்காங்கன்னு பழைய ஆய்வுகள் இருக்கே?" இருக்கு. ஆனா அதுல பலதுலயும் 'குடிக்காதவர்' கூட்டத்துல யார் இருந்தாங்கன்னு பாருங்க. உடம்பு கெட்டுப்போய் குடிய விட்டவங்களும் அதுக்குள்ள. நோயாளிய பக்கத்துல நிக்க வச்சா அளவா குடிக்கிறவர் தெம்பாத்தான் தெரிவார். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில தெளிவாவே சொல்லிடுச்சு: பாதுகாப்பான அளவுன்னு ஒன்னு இல்ல. ஆல்கஹால் முதல்நிலை புற்றுநோய்க் காரணின்னு 1988லயே பட்டியல் போட்டாச்சு. அதுல ஒயினுக்குத் தனி வரிசை கிடையாது.

12/ "ஒயின் இயற்கையானது, கலப்படமில்லாதது." 1986ல இத்தாலியில என்ன நடந்துச்சு தெரியுமா? பரோலோவுக்குப் பேர்போன அதே பியட்மாண்ட்லதான். போதை சதவீதத்த மலிவா ஏத்த ஒயின்ல மெத்தனால் கலந்தாங்க. 23 பேர் செத்தாங்க. பலருக்குக் கண் போச்சு. 2024ல கள்ளக்குறிச்சியில நாம பாத்த அதே மெத்தனால். உடம்புக்குள்ள ஃபார்மிக் அமிலமா மாறி பார்வை நரம்ப அழிக்கும், அங்கயும் இங்கயும் ஒரே மாதிரி.

13/ இன்னைக்குக் கடையில விக்கிற இத்தாலியன் பாட்டில்ல மெத்தனால் இருக்குன்னு நான் சொல்லல. அந்தக் கொடுமைக்கு அப்புறம் பரிசோதனைய இறுக்கினாங்க. நான் சொல்றது வேற. கள்ளக்குறிச்சியில செத்தவன 'குடிகாரன்'னு திட்டினோம். அரை பாட்டில் பரோலோக்காரர 'ரசிகர்'னு கூப்பிடுறோம். லிவர் வார்டுல ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வயித்துல நீர் கோக்குது.

14/ அப்போ ஒயினப் படிக்கவே கூடாதா? தாராளமா படிங்க. பூகோளம், மண், நொதித்தல், சட்டம்னு எல்லாம் இருக்கு. ஆனா முறையா படிக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு தெரியுமா? வாயில வச்சு ருசி பாத்துட்டுத் துப்பிடுவாங்க. ருசி பாக்கிற மேஜையில துப்புறதுக்குன்னே பாத்திரம் வச்சிருப்பாங்க. ஒரே நாள்ல டஜன் கணக்குல ருசி பாக்கிறவங்க முழுங்கினா சாயங்காலம் எந்திரிக்கவே முடியாது.

15/ அதனால அந்த நண்பர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "படிப்புக்காகத்தான்னா ஏன் சார் முழுங்குறீங்க?" பதில் வரல. உங்களுக்கும் வரலன்னா, அது படிப்பு இல்ல, பழக்கம். பழக்கம்னு ஒத்துக்கிட்டாதான் வைத்தியம் ஆரம்பிக்கவே முடியும்.

16/ கடைசியா, முக்கியமா: தினமும் குடிக்கிறவங்க இதப் படிச்சிட்டு வீராப்பா நாளைக்கே மொத்தமா நிறுத்தாதீங்க. கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பாத்து, எத்தனை மில்லி, எத்தனை சதவீதம்னு மறைக்காம சொல்லி நிறுத்துங்க. "ஒயின் மட்டும்தான் டாக்டர்"னு ஆரம்பிக்காதீங்க. அந்த 'மட்டும்'லதான் பாதி பேரை லேட்டா புடிக்கிறோம்.