தைலமும் தோலும்

மலைநாட்டில் தைலப் போத்தல் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. நுவரெலியாவின் பனியும் அட்டனின் ஓயாத மழையும் நம் மக்களுக்கு அளித்துள்ள கொடைகள் தடிமனும் இருமலும் மூட்டு வலியுமே. விடியற்காலையில் மலையேறி, மாலை வரை கொழுந்தெடுத்துத் திரும்பும் தாய்மார், இரவிலே தோளையும் முழங்காலையும் தேய்த்துவிட நாடுவது அந்தப் போத்தலையே. கைக்குழந்தைக்கு நெஞ்சிலே சளி கட்டினால் பாட்டியின் கை முதலிற் போவதும் அங்கேதான். அண்மைக் காலத்தில் நம் மாணவ மாணவியரும் முகப்பருவுக்கென்றும் முடி உதிர்வுக்கென்றும் புதுப்புதுப் பெயர் தாங்கிய சின்னஞ்சிறு போத்தல்களை வாங்கத் தொடங்கியுள்ளனர். ஆகவே, வாசனைத் தைலங்களைத் தோலிலே பூசுவது பற்றி இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

ஒரு சொல், இரு பொருள்

வடமொழியிலே 'திலம்' என்பது எள். எள்ளிலிருந்து பெறப்படுவது தைலம். நமது 'எண்ணெய்' என்னும் சொல்லும் எள், நெய் எனப் பிரிந்து அதே பொருளைத் தருவதே. நம் வைத்தியர்கள் காய்ச்சித் தரும் தைலங்களிற் பெரும்பாலானவை நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ அடிப்படையாகக் கொண்டு, மூலிகைகளை அதிலிட்டுக் காய்ச்சி வடித்தவை. உள்ளங்கை நிறைய ஊற்றி உடம்பெல்லாம் தேய்ப்பது அவற்றுக்குப் பொருந்தும்.

யூக்கலிப்டஸ் தைலம், கறுவாத் தைலம், கராம்புத் தைலம் என்பன வேறு இனம். இலையையோ பட்டையையோ கொப்பரையில் இட்டு நீராவியைச் செலுத்துவர். ஆவியோடு கலந்து வெளிவரும் வாசனைப் பொருளைக் குளிர்ந்த குழாய் வழியே செலுத்தினால், நீர் வேறாகவும் தைலம் வேறாகவும் பிரியும். 100 கிலோ யூக்கலிப்டஸ் இலையிலிருந்து கிடைக்கும் தைலம் ஏறத்தாழ ஓரிரு கிலோ மட்டுமே. ஒரு கூடை இலையின் வீரியம் முழுவதும் ஒரு சிறு போத்தலுள் அடங்கிவிடுகிறது. எண்ணெய் என்று அழைத்தாலும் அதில் நெய்ப்பு இல்லை. அது செறிவு மிக்க இரசாயனப் பொருள்களின் கலவை.

இவ்விரு வகையையும் நாம் 'தைலம்' என்னும் ஒரே சொல்லால் அழைக்கின்றோம். காதில் விழுவது ஒரே சொல்லாதலின், கையும் ஒரே அளவையே ஊற்றிவிடுகிறது. ஆபத்து தொடங்குமிடம் இதுவே.

நம் மலையில் வளரும் மருந்து

ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளி முதலிய உயர்ந்த இடங்களிலே ஒருவகைச் செடி வளர்கிறது. சிங்களத்தில் அதனை 'வெல் கப்புறு' என்பர். இலையைக் கசக்கி முகர்ந்தால், வலி நிவாரணிக் களிம்பின் வாசனை அப்படியே வீசும். நீலகிரியிலும் அச்செடி உண்டு. உதகமண்டலக் கடைகளில் விற்கப்படும் வின்டர்கிரீன் தைலம் அதன் இலையிலிருந்து வடிப்பதே. அத்தைலத்தில் ஏறக்குறைய முழுவதும் மெதைல் சாலிசிலேற்று என்னும் ஒரே பொருள்தான். அஸ்பிரின் மாத்திரைக்கு இது நெருங்கிய உறவு.

வலியுள்ள இடத்தில் அளவோடு தேய்த்தால் சூடு தந்து நோவை மறக்கச் செய்வது உண்மை. ஆயின், ஒரு தேக்கரண்டி வின்டர்கிரீன் தைலம் 20க்கு மேற்பட்ட அஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம் என்பதை எத்தனை பேர் அறிவர்? அந்த ஒரு கரண்டிக்கும் குறைவான தைலத்தைக் குடித்து உயிர் துறந்த சிறு குழந்தைகள் உண்டு. மிட்டாய் போல மணப்பதால் குழந்தைகள் அதனைத் தேடி எடுத்துச் சுவைப்பர். ஆகலின் ஆபத்து இரட்டிப்பாகிறது.

குடித்தாலன்றோ கேடு, பூசினால் என்ன என்று கேட்போர் இருப்பர். 2007ஆம் ஆண்டு நியூயோர்க்கில் 17 வயதுடைய ஓட்ட வீராங்கனை ஒருவர் இறந்தார். தசை வலிக்கென அளவின்றிப் பூசிய களிம்புகளிலிருந்து மெதைல் சாலிசிலேற்று உடலிற் சேர்ந்ததே காரணம் என மரண பரிசோதகர் கண்டறிந்தார். தோல் ஒரு சுவர் அன்று, அது சல்லடை. சூடான துணியால் ஒற்றடமிட்டாலும், பூசிய இடத்தை இறுக்கிக் கட்டினாலும், உட்புகும் அளவு பெருகும். தைலம் தேய்த்த முழங்காலைக் கம்பளித் துணியாற் சுற்றி அடுப்பங்கரையில் அமரும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனைக் கைவிடுதல் நலம். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை உட்கொள்வோர், அஸ்பிரின் ஒவ்வாதவர், கர்ப்பிணிகள், சிறுவர் ஆகியோர் இத்தைலத்தைத் தவிர்க்க வேண்டும்.

குழந்தையின் நெஞ்சும் கற்பூரமும்

நாம் 'டர்பன்டைன் மரம்' என அழைக்கும் யூக்கலிப்டஸ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு விறகும் காற்றுத் தடுப்பும் தேவைப்பட்டமையால் நம் மலைகளில் நிலைபெற்றது. அதன் தைலத்தின் முக்கிய பொருள் சினியோல். கைக்குட்டையில் ஒரு துளி இட்டு முகர்வது பெரியோருக்கு இதம் தரும். ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ பூசினால் மூச்சுக்குழல் சுருங்கி மூச்சுத் திணறக்கூடும்.

கற்பூரம் இன்னும் கொடியது. தேங்காயெண்ணெயிற் கற்பூரத்தைக் கரைத்துச் சூடாக்கிக் குழந்தையின் நெஞ்சிலே தேய்ப்பது தலைமுறை தலைமுறையாக நாம் செய்துவருவதே. அன்பிலே பிறந்த வழக்கம். எனினும் அறிவு அதனை ஏற்கவில்லை. கற்பூரம் தோல் வழியே இரத்தத்திற் கலந்து மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்க வல்லது. நியூயோர்க்கில் கற்பூரத்தால் வலிப்புக் கண்ட குழந்தைகள் பற்றி 2009ஆம் ஆண்டு மருத்துவ ஏடொன்றிலே விரிவாக எழுதப்பட்டது. யூக்கலிப்டஸும் கற்பூரமும் கலந்த தைலங்களாலும் களிம்புகளாலும் பெரியோருக்கும் வலிப்பு நேர்வதைப் பெங்களூரு மருத்துவர்கள் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டனர். ஆகவே குழந்தைக்கு வெறும் தேங்காயெண்ணெயே போதும். சளி மிகுந்தால் வைத்தியரே வேண்டும். வலிப்பு நோயுள்ளவர் வீட்டில் இத்தைலங்கள் எந்த வடிவிலும் வேண்டா.

பெயரைக் கண்டு ஏமாறற்க

கடைகளில் இன்று 'டீ ட்ரீ' தைலம் விற்கிறது. இது நம் தேயிலையிலிருந்து எடுக்கப்படுவது எனத் தேயிலை நாட்டிலேயே பலர் எண்ணுவது வியப்பே. நம் தேயிலை கமெலியா சினென்சிஸ். அத்தைலம் தருவதோ அவுஸ்திரேலியாவின் மெலலூக்கா என்னும் வேறு மரம். கப்டன் குக்கின் மாலுமிகள் அங்கே கண்ட இலைகளைத் தேநீர் போற் காய்ச்சிக் குடித்ததால் அப்பெயர் எழுந்தது என்பர். கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் அத்தைலத்துக்கு உண்டு. ஆனால் திறந்து வைத்த போத்தல் பழையதாகுந்தோறும், காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து தோலைப் புண்படுத்தும் பொருள்கள் அதில் உண்டாகின்றன. நம் வகுப்பு மாணவி ஒருத்தி நெடுநாள் மேசையிற் கிடந்த போத்தலிலிருந்து நீர்ப்பின்றிப் பூசி, பருவோடு கொப்புளத்தையும் பெற்றுக்கொண்டாள்.

கறுவா நம் நாட்டின் பெருமை. எனினும் கறுவாப் பட்டைத் தைலம் தோலைச் சுடும் தைலங்களில் முன்னிற்பது. 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் ஒரு துளிக்கு மேற் சேர்க்கலாகாது என்னும் அளவுக்கு அது கடியது. கறுவா இலைத் தைலத்திலும் கராம்புத் தைலத்திலும் மிகுந்திருப்பது யூஜினோல். 30 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு மூன்று துளியே அவற்றின் எல்லை.

தோடை, எலுமிச்சை இனத் தைலங்களில் வேறொரு சூழ்ச்சி உண்டு. தேசிக்காய்த் தோலைப் பிழிந்தெடுத்த தைலத்தையும், பெர்கமொட் என்னும் பழத்தோலின் தைலத்தையும் பூசி வெயிலிற் சென்றால், பூசிய இடம் எரிந்து கறுத்துவிடும். ஓடிக்கொலோன் பூசியோரின் கழுத்திலே இத்தகைய கருங்கறைகள் தோன்றுவதை 1916ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகம் பதிவு செய்தது. அன்றைய ஓடிக்கொலோனில் பெர்கமொட் கலந்திருந்ததே காரணம். கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் உயர, சூரியனின் ஊதாக்கடந்த கதிர் ஏறத்தாழ 10 வீதம் மிகும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலுள்ளது. குளிர் இருப்பதால் வெயில் சுடாது என எண்ணுவது பிழை.

கைக்கொள்ள வேண்டிய முறை

முதலாவது, வாசனைத் தைலத்தை நேரே பூசலாகாது. கடுமையற்ற தைலமாயின், 30 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு 12 துளி எனக் கலக்கலாம். இது 2 வீதம். முகத்துக்கும் முதியோருக்கும் அதிற் பாதியே போதும். தண்ணீரில் தைலம் கரையாது. குளிக்கும் வாளியில் விட்ட துளி மேலே மிதந்து, உடம்பில் அப்படியே ஒட்டிச் சுடும்.

இரண்டாவது, கலந்த எண்ணெயை முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ அரிப்போ தோன்றினால் அத்தைலம் உங்களுக்கு ஆகாது. ஒவ்வாமை உடனே தோன்றுவதன்று. சில வேளை மூன்றாம் நாளும் தலைகாட்டும். ஒருமுறை வேரூன்றிய ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நிலைக்கும். கண், உதடு, வெட்டுக்காயம், அட்டை கடித்த புண், தீப்பட்ட இடம் ஆகியவற்றில் பூசவே வேண்டா.

மூன்றாவது, தைலம் பட்டு எரிந்தால் முதலில் தேங்காயெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்துவிட்டு, பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கண்ணிற் பட்டால் சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைத்தல் கூடாது. தைலம் நுரையீரலுட் புகுந்துவிடும். நேரத்தைப் போக்காது 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, போத்தலையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் வைத்தியர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை வழங்குகிறது.

நான்காவது, போத்தலை இறுக மூடி, வெளிச்சமும் அடுப்பும் அணுகாத இடத்தில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சோடாப் போத்தலிலோ பாணி மருந்துப் போத்தலிலோ ஊற்றி வைத்தல் ஒருபோதும் ஆகாது.

இயற்கையிலிருந்து வந்தது தீங்கு செய்யாது என்று சிலர் வாதிப்பர். எட்டிக்காயும் மரத்திலே காய்ப்பதுதானே? நம் முன்னோர் மருந்தை அளவறிந்தே கொடுத்தனர். இலையையும் வேரையும் அவர்கள் கண்ட அளவு வேறு, கொப்பரையில் வடித்துச் செறிவாக்கிய துளியின் அளவு வேறு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போத்தல்களின் மேலுள்ள குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. நாள் முழுதும் மலையில் உழைத்துக் களைத்துவரும் அன்னையால் அதனைப் படிக்க இயலாதிருக்கலாம். இன்று மாலையே வீட்டிலுள்ள ஒவ்வொரு தைலப் போத்தலையும் எடுத்து, அதில் என்ன இருக்கிறது, எத்தனை வீதம், யாருக்கு ஆகாது என்பதைப் படித்து, ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள். நீங்கள் பெற்ற கல்வி வீட்டுக்குப் பயன்பட இதைவிட எளிய வழி வேறில்லை.