பிளாஸ்டிக் கடல்

'அமர்கோர்ட்' என்று ஒரு இத்தாலியப் படம். 1973-ல் ஃபெலினி எடுத்தது. அவர் பிறந்த ரிமினி பக்கத்துப் பேச்சு வழக்கில் 'எனக்கு ஞாபகம் இருக்கு' என்று அர்த்தம். முசோலினி காலத்துக் கடற்கரை ஊர் ஒன்று. அதில் ஒரு பையன், அப்பா, அம்மா, தாத்தா, கொஞ்சம் மறை கழன்ற ஒரு சித்தப்பா. கதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஆஸ்கார் கொடுத்தார்கள்.

அந்தச் சித்தப்பாவை மனநல ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாள் லீவில் அழைத்து வருகிறார்கள். மனுஷன் நைசாக மரத்தில் ஏறிக்கொண்டு, 'எனக்குப் பொம்பளை வேணும்!' என்று கத்துகிறார். மணிக்கணக்கில். இறக்கப் போனவர்கள் மேல் கல்லடி. கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து குள்ளமான ஒரு கன்னிகாஸ்திரீ வந்து ஏணியில் ஏறி அதட்டியதும், சமர்த்தாக இறங்கிவிடுகிறார். (முப்பத்தைந்து தாண்டிய பிரம்மச்சாரிகள் இந்த இடத்தில் அவ்வளவாகச் சிரிப்பதில்லை, கவனித்திருக்கிறேன்.)

தலைப்பைப் பார்த்து, ஃபெலினி தன் வீட்டுக் கதையைச் சொல்கிறார் என்றுதான் நினைப்போம். இல்லை சார். அது பெரும்பாலும் அவருடைய பால்ய சிநேகிதர் டிட்டா பென்ஸியின் குடும்பம். படத்தில் பையன் பெயரும் டிட்டாதான். நிஜ டிட்டா ரிமினியிலேயே வக்கீல் தொழில் பார்த்தவர். பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனையாக இருக்கும் என்பது ஞாபகத்துக்கும் பொருந்தும் போல.

ஊரும் அசல் இல்லை. 1939-ல், 19 வயதில் ரோமுக்கு வந்துவிட்டவர் ஃபெலினி. ரிமினியோ உலக யுத்தத்தில் குண்டு வாங்கிச் சிதைந்து, மறுபடி எழும்பிய ஊர். கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தால் புதுக் கட்டடங்கள்தான் கிடைத்திருக்கும். ஆகவே ரோமில், சினிசிட்டா ஸ்டூடியோவில் செட் போட்டார். 'ரெக்ஸ்' என்ற பெரிய கப்பல் கடந்து போவதைப் பார்க்க ஊரே படகுகளில் போய் நடு ராத்திரி வரை காத்திருக்கிறது. வருகிறது கப்பல். வெறும் தட்டி! கடல், பிளாஸ்டிக் ஷீட்! அதை மறைக்கவும் அவர் மெனக்கெடவில்லை.

ரெக்ஸ் நிஜமாகவே இருந்த கப்பல். ஜெனோவாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடியது. ஜெனோவா இத்தாலிக்கு மேற்குக் கரையில், ரிமினி கிழக்குக் கரையில். நியூயார்க் போகிற கப்பலுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை? ஆனால் படம் பார்த்தவன் யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற உளவியல்காரர் இதை 1932-லேயே புத்தகம் போட்டு விளக்கிவிட்டார். செவ்விந்தியர் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து, 'எங்கே, திரும்பச் சொல்லு' என்றார். சொன்னார்கள். கதையில் இருந்த கேனோ வெறும் படகாகிவிட்டது. சீல் வேட்டை மீன் பிடிப்பாகிவிட்டது. புரியாததெல்லாம் உதிர்ந்து, தெரிந்தது வந்து ஒட்டிக்கொள்கிறது. ஞாபகம் என்பது பீரோவில் மடித்துவைத்த வேட்டி இல்லை, ஒவ்வொரு தடவையும் புதுசாக நெய்கிறோம் என்பது அவர் கட்சி. உங்கள் அக்காவும் நீங்களும் ஒரே தீபாவளியைப் பற்றி இரண்டு விதமாகச் சண்டை போடுவது இதனால்தான்.

ஆனால், ஃபெலினி சொந்த அப்பாவைத் தொட்டபோது இந்த அட்டைக் கப்பல் வேலையெல்லாம் காணோம். அப்பா உர்பானோ ஊர் ஊராகப் போய் மளிகைச் சரக்குக்கு ஆர்டர் பிடித்தவர். வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. 1956-ல் போய்விட்டார். 1960-ல் வந்த 'லா டோல்சே வீட்டா'வில் பத்திரிகைக்காரனாகத் திரியும் மகனைப் பார்க்க அப்பா ரோமுக்கு வருகிறார். இருவருக்கும் பேச விஷயமே இல்லை. கிளப்புக்குக் கூட்டிப் போகிறான். கிழவர் குஷியாகி, பிறகு ஒரு நடனக்காரியின் வீட்டில் உடம்புக்கு முடியாமல், விடியற்காலை ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். 'இருங்களேன்ப்பா, நாம சரியாப் பார்த்துக்கிறதே இல்லை' என்கிற மாதிரி மகன் கெஞ்சுகிறான். அவர் டாக்ஸி பிடித்து ரயிலுக்குப் போய்விடுகிறார். அவ்வளவுதான் காட்சி. அமர்கோர்ட் முழுக்கச் சேர்த்தாலும் எனக்கு இந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈடாகாது.

மூன்று வருஷம் கழித்து, 'எட்டரை' படத்தில் அப்பாவை மறுபடி கூப்பிட்டார். அதே நடிகர், அன்னிபாலே நின்கி. இந்த முறை செத்துப்போன அப்பா. மகனின் கனவில், கல்லறைக்குள் நின்றுகொண்டு, கூரை ரொம்பத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள் என்று குறைப்படுகிறார், வாடகை வீட்டைக் குறை சொல்கிற மாதிரி. அப்போது பார்த்து மகனின் தயாரிப்பாளர் அங்கே வருகிறார். அப்பா அவரிடம் மெல்ல விசாரிக்கிறார், பையன் எப்படிப் பண்றான் என்று.

ஆபீசுக்கு ஒரு நடை பார்க்க வருகிற எந்த அப்பாவும் மேனேஜரிடம் அதைத்தான் கேட்கிறார்.