காற்புள்ளிக்கு என்ன பொருள்?

"ஆசிரியரும் பதிப்பாளரும் உள்ளே வரலாம்" என்று ஒரு கதவில் எழுதியிருந்தால், ஆசிரியர் தனியாக வந்தாலும் விடுவோம். பதிப்பாளர் தனியாக வந்தாலும் விடுவோம். எழுத்தில் இருப்பது எண்ணும்மை. பொருளில் இருப்பதோ 'அல்லது'. தமிழறிந்த எவருக்கும் இதில் குழப்பமில்லை. ஆனால் கணினி அந்த உம்மையை அப்படியே எடுத்துக்கொண்டால், இரு பதவிகளையும் ஒருசேர வகிப்பவரை மட்டுமே உள்ளே விடும்.

இலக்கியப் பக்கத்தில் எக்ஸ்எம்எல் கோப்புக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வாசிப்பைப் பற்றிய சிக்கல் என்பதால்தான் எழுதுகிறோம். நாங்கள் சிலர் கூடிப் பேணிவந்த கையெழுத்துப்படிக் கிடங்கில், வெளிவராத படைப்புகளைக் குழு உறுப்பினராகவும் அவ்விதழின் பொறுப்பாளராகவும் இருப்பவரே திறக்கலாம் என்பது விதி. அமைவுக் கோப்பில் இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி இட்டோம். மென்பொருள் அதை 'அல்லது' என்று வாசித்தது. ஓர் எழுத்தாளர் நம்பி அனுப்பியிருந்த முற்றுப்பெறாத நாவலை, அவர் காட்ட விரும்பாத பலரும் படித்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டோம். அதன்பின் அவர் எங்களுக்கு எதையும் அனுப்பவில்லை.

காற்புள்ளி வேண்டாம், நிரலாளர்களின் குறிகளையே இடலாமே என்பார்கள். சி மொழியின் வழிவந்தவற்றில் 'இதுவும் அதுவும்' என்பதற்கு & குறியை இருமுறை இடுவது வழக்கம். 1998இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியிட்ட எக்ஸ்எம்எல்லில் அக்குறி தனித்து நிற்க இயலாது. ஒவ்வொன்றையும் ஐந்து எழுத்துகளாக விரித்தாக வேண்டும். இரண்டு குறிகள் பத்தாகிவிடும். கண்ணுக்கு அது சல்லடை.

ஸ்பிரிங் வெளிப்பாட்டு மொழி குறிகளோடு ஆங்கிலச் சொற்களையும் ஏற்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் சொல் வந்ததாலேயே தெளிவு வந்துவிடாது. 'ஆசிரியர் அல்லது பதிப்பாளர் மற்றும் உறுப்பினர்' என்றால் கணினி 'மற்றும்' என்பதை முதலில் பிணைக்கும். உறுப்பினரல்லாத ஆசிரியரும் உள்ளே வந்துவிடுவார். இடமிருந்து வலமாக வாசிக்கும் நாம் வேறொன்றை நினைத்திருப்போம்.

எங்கள் கட்சி இதுதான்: எக்ஸ்எம்எல்லின் உறைகளையே பயன்படுத்துங்கள். அப்பாச்சி ஆன்ட்டின் கட்டுமானக் கோப்புகளில் நிபந்தனைகள் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்றாக அமர்கின்றன. எது முதலில் பிணையும் என்ற கேள்வியே எழாது. உறைக்கு 'அனைத்தும்', 'ஏதேனும் ஒன்று' என்ற பொருள்படப் பெயரிட்டால், காற்புள்ளியில் நாங்கள் கண்ட விபத்தும் நேராது. கோப்பு நீளும் என்பது உண்மையே. நீளட்டும், எழுதுவது ஒருமுறை, வாசிப்பது பலமுறை.

வெற்று உறையில்தான் கவனம் வேண்டும். ஜாவா வலைச் செயலிகளின் அமைவுக் கோப்பில், அனுமதிக் கட்டுப்பாட்டு உறுப்பை வெறுமையாக விட்டால் எவரும் நுழைய முடியாது; அதையே முற்றாக நீக்கிவிட்டால் எல்லோரும் நுழையலாம். ஏரணப்படி வெறுமையான 'அனைத்தும்' எப்போதும் மெய். அதாவது, திறந்த கதவு. யாரோ ஒரு வரியை அழித்துவிட்டு மறந்துபோனதை அனுமதியாகக் கொள்ளாமல், பிழையென்று சொல்லி மென்பொருள் அங்கேயே நின்றுவிட வேண்டும்.