பின்விளக்கு பின்னால் வருபவருக்கு உரியது

கோடை விழாக் காலத்திலும் தொடர் விடுமுறை நாள்களிலும் பள்ளங்கிப் பக்கம் வந்து போகும் கார்கள் சிலவற்றில் ஓர் அலங்காரம் கண்ணில் படுகிறது. முகப்பு விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றின் மேல் சாம்பல் நிறத்திலோ கறுப்பு நிறத்திலோ மெல்லிய படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. கார் அலங்காரக் கடைகளில் இதனை 'ஸ்மோக் ஃபிலிம்' என்பர். பகலில் பார்த்தால் விளக்கு எது, வண்டியின் உடல் எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒரே கருமையாகத் தோன்றும். மாற்றியமைத்த கார்களின் கண்காட்சிகளில் இத்தோற்றத்திற்கு மதிப்பு உண்டு.

மருத்துவமனை இதழில் கார் அலங்காரத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இங்கே சிகிச்சைக்கு வருகின்றவர்களும், குணமடைந்து வீடு திரும்புகின்றவர்களும், மேல்சிகிச்சைக்காகக் கீழே அனுப்பப்படுகின்றவர்களும் அக்கார்கள் செல்லும் அதே பாதையில்தான் செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இது எங்கள் கவலையும் ஆகிறது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கண்காட்சித் திடலில் அசையாமல் நிற்கும் காருக்கு எந்த நிறத்தில் படலம் ஒட்டினாலும் எங்களுக்கு மறுப்பு இல்லை. தம் வண்டியை அழகுபடுத்திப் பார்ப்பதில் இளைஞர்கள் கொள்ளும் ஆசை குற்றமன்று. ஆனால் திடலை விட்டுச் சாலைக்கு வருமுன் அப்படலத்தை உரித்துவிட வேண்டும். மலையேறும் வண்டியில் அது இருத்தலே கூடாது.

காரின் விளக்குகளை ஓட்டுபவரின் வசதிக்கான பொருளாகவே பலரும் எண்ணுகின்றனர். முகப்பு விளக்கைப் பொறுத்தமட்டில் அது பாதி உண்மை. பின்விளக்கை ஓட்டுபவர் ஒருபோதும் பார்ப்பதில்லை. அது முழுவதும் பின்னால் வருபவருக்காகவே வைக்கப்பட்டது. தம் முகப்பு விளக்கு மங்கினால் ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும், வேகத்தைக் குறைத்துக்கொள்வார். பின்விளக்கு மங்கியிருப்பதோ அவருக்குத் தெரியாது. தமக்குச் சொந்தமான பொருளை அழகுபடுத்துவதாக எண்ணி, பிறருக்கு உரிய ஒன்றை அவர் குறைத்துவிடுகிறார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு; கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. பல கார்களில் பின்விளக்குத் தொகுதிக்குள்ளேயே சிவப்பு நிற எதிரொளிப்பான் பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. பின்னால் வரும் வண்டியின் ஒளியைப் பெற்று, வந்த திசைக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. பழுதாகி, மின்கலமும் செயலிழந்து, இருட்டில் கொண்டை ஊசி வளைவின் ஓரமாய் நிற்கும் கார் 'நான் இங்கே நிற்கிறேன்' என்று சொல்ல அது ஒன்றே துணை. படலத்தை ஒட்டினால் ஒளி அதனை இருமுறை கடக்க வேண்டும்: உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை. பாதி ஒளியை மட்டும் விடும் படலமாயின் திரும்பி வருவது கால் பங்கே. மூன்றில் ஒரு பங்கை விடும் கரிய படலமாயின் ஒன்பதில் ஒரு பங்கே மிஞ்சும். விளக்கை எரியவிட்டுப் பார்த்து, 'நன்றாகத்தானே தெரிகிறது' என்று மனநிறைவு கொள்பவருக்கு இந்தக் கணக்கு புலப்படுவதில்லை.

படலம் இரவில் மட்டுமே தீங்கு செய்யும் என்பதும் சரியன்று. நல்ல வெயிலில் பிரேக் விளக்கு எரிவதையும் எரியாததையும் வேறுபடுத்தி அறிவதே கடினமாகிவிடுகிறது. இண்டிகேட்டரின் நிலையும் அதுவே. மலைப்பாதையில் முன்னே செல்லும் வண்டி இடப்புற இண்டிகேட்டரைப் போட்டு ஒதுங்குவதைப் பார்த்துத்தான் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முந்திச் செல்லத் துணிகிறார். அந்தக் குறிப்பு தெரியாவிட்டால் அவர் காத்திருக்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து மதுரை ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவு. மூச்சுத்திணறலோடும் தலைக்காயத்தோடும் உள்ளே படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு வளைவிலும் வீணாகும் நேரம் எவ்வளவு பெரிது என்பதை உடன் சென்ற உறவினர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி, பார்ப்பவரின் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்விதழைப் படிப்போரில் பலருக்கு இது சொந்த அனுபவமாகவே இருக்கும். வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சிறுக்கிறது. கண்வில்லை மஞ்சளித்து மங்குகிறது. அறுபது வயதானவரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்புரை இருந்தால் இன்னும் குறையும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டு லேசர் சிகிச்சை பெற்றவர்களுக்கு இரவுப் பார்வை மேலும் மங்கக்கூடும். கண் பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கும் சொட்டுமருந்து போட்டுக்கொண்டவருக்குச் சில மணி நேரம் எதிரொளி கூசும், பார்வை தெளிவாக இராது; அன்று அவர் வண்டி ஓட்டுதல் கூடாது. இருபது வயது இளைஞர் தம் கூரிய கண்ணால் பார்த்து 'போதும்' என்று முடிவு செய்யும் வெளிச்சம், தந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துவந்து மாலையில் இருசக்கர வண்டியில் ஊர் திரும்பும் ஐம்பத்தைந்து வயது மகனுக்குப் போதாது.

நம் மலையின் இயல்பு வேறு இதனோடு சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிடுகிறது. மஞ்சில் உள்ள நீர்த்துளிகள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கு ஒரு மங்கிய பொட்டாகத்தான் தெரியும். அந்தப் பொட்டையும் படலம் போட்டு மூடினால் எதைப் பார்த்து இடைவெளி விடுவது? மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். முகப்பு விளக்கில் படலம் ஒட்டியவருக்கு வேறோர் ஆபத்தும் காத்திருக்கிறது. மாலைக்குப்பின் சாலையில் இறங்கும் காட்டெருமையின் உடல் கரியது. நல்ல விளக்கிலேயே அண்மையில் வந்த பிறகுதான் கண்ணுக்குப் புலப்படும்.

விளக்கை மறைத்தால் என்ன நிகழும் என்பதை ஒரு நாடே கண்டிருக்கிறது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பிரிட்டனில் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன; வண்டிகளின் விளக்குகளும் மூடி போட்டு மறைக்கப்பட்டன. எதிரியின் குண்டு விழுமுன்பே சாலையில் மக்கள் மடிந்தார்கள். அம்மாதச் சாலைச் சாவுகள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காயின. பிறகு நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளையடித்தார்கள். இரவு வேகத்திற்கு வரம்பு கட்டினார்கள். அவர்களுக்குப் போர் என்ற காரணமாவது இருந்தது.

படலத்தை ஆதரிப்போர் ஒரு நியாயம் சொல்வதுண்டு. 'இக்காலத்து விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கின்றன. படலம் அதனைத் தணிக்கிறதே' என்பது அது. கூச்சம் பற்றிய குறை உண்மையானது; நாங்களும் அதனை உணர்கிறோம். ஆயினும் கூச்சத்திற்கு முதற்காரணம் ஒளி தவறான திசையில் மேல்நோக்கிப் பாய்வதே. விளக்கின் கோணத்தைச் சரிசெய்வதும், எதிரே வண்டி வரும்போது ஒளியைத் தாழ்த்துவதுமே அதற்கு மருந்து. தமிழ்நாட்டில் போக்குவரத்துக் காவலர்கள் முகப்பு விளக்கின் நடுவே சிறு கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். அச்சிறு பொட்டு விளக்கின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கிறது. விளக்கு முழுவதையும் போர்த்துவதில்லை. பின்விளக்கை அது தொடுவதே இல்லை. மஞ்சுக்காக மஞ்சள் தாள் ஒட்டுவதும் வேறு செய்தி. மஞ்சள் தாள் நிறத்தை மாற்றினாலும் பெரும்பகுதி ஒளியை வெளியே விட்டுவிடுகிறது. பிரான்சில் 1993 வரை கார்களின் முகப்பு விளக்குகள் மஞ்சளாகவே இருந்தன. சாம்பல் படலத்திற்கு அப்படி ஒரு பயனும் இல்லை.

சட்டத்தையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறோம். கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதற்கு 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்ததைப் பலரும் அறிவர். விளக்குகளைப் பற்றி அத்துணைப் பேச்சு எழவில்லை. எனினும் விளக்குகள் குறித்த தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. விதிக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டியிருக்கிறது. வண்டிகளை எண்ணுவதற்கு அது உதவுகிறது. விளக்கின் நிலையை அந்தச் சீட்டு கேட்பதில்லை. அடிவாரச் சோதனைச் சாவடியில் விளக்குகளையும் ஒரு பார்வை பார்த்தால் நலம் என்பது எங்கள் வேண்டுகோள்.

தண்டத்தைச் சொல்லி அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடப்பில் உள்ளது. குடும்பத்தார் அதனை அறிந்து வைத்திருப்பது நல்லது. அத்திட்டத்தை நாட வேண்டிய நிலை வராதிருப்பது அதனினும் நல்லது.

வீடு திரும்பும் நாளில் வாடகைக் கார் பேசும் உடனிருப்போர், நோயாளியை ஏற்றுமுன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஓட்டுநரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். விளக்குகளில் படலம் இருந்தால், 'தம்பி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இருட்டுமுன் இதை எடுத்துவிடலாமா' என்று தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். முடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடேற்றி, ஒரு மூலையிலிருந்து மெல்ல இழுத்தால் படலம் உரிந்து வந்துவிடும். ஒட்டியிருக்கும் பசையைச் சோப்பு நீரில் நனைத்த மென்துணியால் துடைக்கலாம். கத்தியால் சுரண்ட வேண்டாம். விளக்கின் மூடி பிளாஸ்டிக்கால் ஆனது, கீறல் விழும். பெட்ரோல், தின்னர் போன்றவையும் மூடியை மங்கச் செய்துவிடும்.