ஏழே ஆண்டுகள் இருந்த திரு-கொச்சி: கரிசல் காட்டுக்கும் அந்த மாநிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

புரட்டாசி பிறந்தால் பசுவந்தனை சுற்றுவட்டாரத்தில் உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைப்பு தொடங்கிவிடும். விதைத்த பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மானாவாரி பூமி. இந்தப் பக்கத்து ஆறான வைப்பாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும். மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் பம்பையும் அச்சன்கோவிலாறும் ஓடுகின்றன. அந்தத் தண்ணீரைப் பற்றிய பேச்சு ஏன் இரண்டு மாநிலங்களின் தகராறாகவே நிற்கிறது? பதிலைத் தேடினால், இன்று வரைபடத்தில் இல்லாத ஒரு மாநிலத்தின் கதைக்குப் போக வேண்டும்.

எப்படி உருவானது?

சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர், கொச்சி என்ற இரண்டு சமஸ்தானங்களும் 1949 ஜூலை 1 அன்று ஒரே மாநிலமாக இணைக்கப்பட்டன. அதுதான் திரு-கொச்சி. தலைநகர் திருவனந்தபுரம், உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்தில். திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ராஜப்பிரமுகர் ஆனார்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க அந்த மாநிலத்தில்தான் இருந்தது. செங்கோட்டையும் அப்படித்தான். 1911-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் சொந்த ஊர் செங்கோட்டை. அன்றைக்கு அது பிரிட்டிஷ் இந்தியாவே இல்லை, திருவிதாங்கூர்!

ஏன் நிலைக்கவில்லை?

ஏழு வருஷத்தில் ஐந்து பேர் ஆட்சிக்குத் தலைமை தாங்கினார்கள். யாருக்கும் நிலையான பெரும்பான்மை இல்லை. 1954 தேர்தலில் 117 இடங்களில் 19 மட்டுமே வென்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, காங்கிரஸ் ஆதரவோடு ஆட்சி அமைத்தது. பட்டம் தாணுப் பிள்ளை முதல்வர் ஆனார்.

இதே சமயம், தமிழர் வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரி, மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிர்கள் போயின. பட்டம் அரசு பதவி விலக வேண்டும் என்று அவர் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே சொன்னார். அரசு விலகவில்லை. கட்சிக்குள் பிளவுதான் வந்தது.

1956 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. நவம்பர் 1-ல் மாநிலமே இல்லாமல் போனது. மலபாரைச் சேர்த்துக்கொண்டு கேரளம் பிறந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன. செங்கோட்டை தாலுகாவின் ஒரு பகுதி, பசுவந்தனையும் இருந்த அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது.

வராமல் போனது எது?

தேவிகுளமும் பீர்மேடும். தமிழர் அங்கே கணிசமாக இருந்தும், அவர்களில் பலர் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள், கேரளத்தின் பொருளாதாரத்துக்கு அந்த மலைகள் தேவை என்று ஃபசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் கணக்குப் போட்டது. முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீர்மேட்டில். பம்பை ஆறு பிறப்பதும் பீர்மேட்டு மலையில்தான்.

இந்த இடத்தில்தான் கரிசலின் கதை ஒட்டிக்கொள்கிறது. பம்பை-அச்சன்கோவில்-வைப்பாறு இணைப்புத் திட்டப்படி ஆண்டுக்கு 63.4 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 22 டிஎம்சி தண்ணீர் கிழக்கே வரும். சுமார் 91,400 ஹெக்டேர் பாசனம் பெறும். தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1990-களிலேயே ஆய்வை முடித்துவிட்டது. கேரளம் இன்றுவரை சம்மதிக்கவில்லை. உபரி நீரே கிடையாது, எடுத்தால் குட்டநாட்டு வயல்களில் உப்புநீர் ஏறும் என்பது அவர்கள் வாதம். அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. அங்கேயும் விவசாயிதான் இருக்கிறார்.

இனி என்ன செய்யலாம்?

எல்லையை மாற்றக் கேட்பதில் அர்த்தமில்லை. அது முடிந்த கதை. ஆனால் திரு-கொச்சியைக் கலைத்த அதே 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டம், மண்டலக் குழுக்களையும் உருவாக்கியது. கோடு போட்ட கையோடு, அதன் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்து பேச ஒரு மேசையையும் போட்டது. தென் மண்டலக் குழு இன்றும் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம் இரண்டுமே உறுப்பினர்கள்.

நவம்பர் 1 வந்தால் எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான். மாலையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பம்பையில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று இரண்டு மாநில நிபுணர்களும் சேர்ந்து அளக்க வேண்டும். அந்தக் கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். உபரி இல்லை என்று தெரிந்தால், கரிசல் விவசாயிக்கு வீண் நம்பிக்கை தருவதை அரசியல்வாதிகள் நிறுத்தட்டும். இருக்கிறது என்று தெரிந்தால், மறுப்பதற்குக் கேரளம் காரணம் சொல்லட்டும். தென் மண்டலக் குழுவில் தமிழ்நாடு கேட்க வேண்டிய முதல் விஷயம் இந்தக் கூட்டு அளவீடுதான்.