விழப்போகும் பல்தானே!

அண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு பல் வைத்தியரிடம் சென்றிருந்தேன். எனக்கு முன்னே காத்திருந்தவன் நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்து, முரசோடு கரைந்து, வெறும் கட்டைகளாக நின்றன. கன்னம் வீங்கியிருந்தது. "விழப்போற பல்லுத்தானே ஐயா, திரும்பவும் முளைக்கும்" என்று அவனுடைய அம்மம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். அழுத சிறுவனை அடக்க அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரு ரொபி!

இதைவிடப் பொல்லாத வாதம் வேறில்லை. முன்பற்கள் 6, 7 வயதில் விழும் என்பது உண்மையே. ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் 10 முதல் 12 வயது வரை நிலைக்க வேண்டியவை. அவை நான்கு வயதிலேயே சூத்தையானால் அந்தப் பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்? வேரில் கட்டும் சீழ், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் பழுதாக்கக்கூடும்.

"எங்கள் பரம்பரைக்கே பல் பலவீனம்" என்பார் சிலர். பரம்பரையாக வருவது பெரும்பாலும் பல்லன்று, வீட்டுப் பழக்கம். சீனி கரைத்த பால்மாப் போத்தலை வாயில் வைத்தபடியே பிள்ளையை உறங்கவைக்கிறோம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைகிறது. பல்லில் தங்கிய சீனியைக் கிருமிகள் அமிலமாக்க, அது எனாமலைக் கரைக்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு ஓரளவு மறைத்துக் காக்கும். மேற்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. அக்கிருமிகளுங்கூடப் பெரும்பாலும் நம் எச்சிலில் இருந்து போனவைதாம். சுவைபார்த்த கரண்டியாலேயே ஊட்டுகிறோமல்லவா? நானும் என் பேத்திக்கு அப்படி ஊட்டியவனே.

பழியை மட்டும் தாயின் தலையில் போட்டுவிடுகிறோம். மாலைதோறும் பிஸ்கற் பக்கற்றோடு வரும் தகப்பனும், விடுமுறைக்குச் சொக்லேற் பெட்டிகளோடு வந்திறங்கும் வெளிநாட்டு மாமாவும் எப்படித் தப்புகிறார்கள்?

2016 இல் இலங்கையில் குளிர்பானங்களின் சீனி அளவைக் காட்ட நிற அடையாளங்கள் கட்டாயமாக்கப்பட்டன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலிருந்தால் சிவப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் குசினியில் கலக்கப்படும் போத்தலில் சிவப்பை ஒட்டுவது யார்?

முதற்பல் முளைத்த நாளிலிருந்தே துலக்கவேண்டும்; மூன்று வயது வரை அரிசிமணியளவு புளோரைட் பற்பசை போதும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையென்றால் இன்றிரவே அந்தப் படுக்கைப் போத்தலை நிறுத்துங்கள். இரண்டு மூன்று இரவுகள் அழும். அழட்டும்.