வீடற்றவர்களின் காதல்

காதல் கரைசேர்க்கும் என்று நம்பியே நாவல்களை வாசிக்கப் பழகியிருக்கிறோம். பார்பரா கிங்சால்வரின் 'டீமன் காப்பர்ஹெட்' (2022) அந்நம்பிக்கையைக் குலைக்கிறது. அதனாலேயே அதை நேர்மையான நாவல் என்போம்.

களம் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்து லீ கவுண்டி. தாயை இழந்து, அரசு ஒப்படைத்த வளர்ப்பு வீடுகளில் பசியோடு வளர்ந்தவன் டீமன். படம் வரைவது ஒன்றே அவன் சொத்து. விளையாட்டில் முழங்கால் அடிபட, மருத்துவர் தந்த வலிமாத்திரைகளில் தொடங்கி ஆக்ஸிகான்டினுக்கு அடிமையாகிறான். டோரியோ நோயுற்ற தந்தையைத் தனியே பேணி, பின் அவரையும் இழந்தவள். இருவரும் உயிராய் நேசிக்கிறார்கள். அந்நேசத்தோடேயே போதையையும் பகிர்ந்துகொள்கிறார்கள். டோரி இறந்துபோகிறாள். டீமன் மறுவாழ்வு இல்லமொன்றில் மீள்கிறான், மீண்டும் வரைகிறான்.

டோரியின் சாவுக்குக் காதலின் போதாமையைக் காரணம் காட்டுவது அநீதி என்பதே நம் கருத்து. எவராலும் பேணப்படாத இருவர் தலையில், ஒருவரையொருவர் பேணும் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு ஊர் விலகிக்கொண்டது. அப்பாரத்தை எந்தக் காதல் தாங்கும்?

கிங்சால்வர் எழுதியதோடு நின்றுவிடவில்லை. நாவலின் உரிமைத்தொகையைக் கொண்டு, போதையிலிருந்து மீளும் பெண்களுக்கென அதே லீ கவுண்டியில் 2025இல் ஓர் இல்லம் திறந்தார். டோரிக்குக் கிடைக்காத கூரை அது.